இல்லாததைத் தேடிக் கடல் கடக்கும் நிறுவனங்கள்

2007 ஜனவரி இறுதியில் ஓர் இரவு லண்டனில் ஏலம் ஒன்று நடந்தது. ஏலத்துக்கு வந்த சொத்து கோரஸ். பழைய பிரிட்டிஷ் ஸ்டீலும் நெதர்லாந்தின் ஹூகோவன்ஸும் 1999இல் இணைந்து உருவான எஃகு நிறுவனம் அது. கேட்டவர்கள் இரண்டே பேர்: இந்தியாவின் டாட்டா ஸ்டீலும் பிரேசிலின் சி.எஸ்.என்.னும். பங்கு ஒன்றுக்கு 603 பென்ஸ் வரை ஏறி பிரேசில்காரர்கள் நின்றுவிட்டார்கள். டாட்டா 608 பென்ஸ் சொல்லி வென்றது. மொத்த மதிப்பு சுமார் 1,200 கோடி டாலர். பிரிட்டனின் எஃகுத் தொழில் யார் கைக்குப் போகிறது என்பதை முடிவு செய்த அந்தப் போட்டியில் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒருவரும் இல்லை.

பாடநூல் கணக்குப்படி இப்படி நடக்கக் கூடாது. மூலதனம் குறைவாக உள்ள நாட்டில் அதற்குக் கிடைக்கும் வருவாய் அதிகம். ஆகவே பணம் செல்வந்த நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் பாய வேண்டும். அப்படிப் பாயவில்லையே ஏன் என்று 1990இல் ராபர்ட் லூகாஸ் கேட்ட கேள்வி பொருளியலில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. அவர் கேட்டது வரவேண்டிய பணம் வராததைப் பற்றி. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் பணம் எதிர்த்திசையிலேயே ஓடத் தொடங்கியது. உலகின் வெளிநாட்டு நேரடி முதலீட்டில் வளரும் நாடுகளின் நிறுவனங்கள் செய்தது 2007இல் 13 சதவீதம். 2014இல் அது 35 சதவீதமாக உயர்ந்தது என்று ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பு கணக்கிட்டது. உள்ளூரில் சாலையும் மின்சாரமும் வேலையும் போதாமல் இருக்கும்போது இந்த நிறுவனங்கள் ஏன் வெளியே போகின்றன?

பன்னாட்டு நிறுவனங்களைப் பற்றிய கோட்பாடுகள் நெடுங்காலம் அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்தே எழுதப்பட்டன. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் ஹைமர் 1960இல் எம்.ஐ.டி.யில் சமர்ப்பித்த ஆய்வேடு அடித்தளமிட்டது. அந்நிய மண்ணில் தொழில் செய்பவருக்கு உள்ளூர்ச் சட்டமும் பழக்கமும் தெரியாது. அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு அவரிடம் தனிப்பட்ட பலம் ஒன்று இருந்தாக வேண்டும் என்றார் ஹைமர். அந்த பலம் காப்புரிமையாக இருக்கலாம், வணிகப் பெயராக இருக்கலாம். பிரிட்டனின் ஜான் டன்னிங் பிறகு இதை விரித்து, உடைமை, இடம், உள்ளகப்படுத்தல் என்ற மூன்று காரணங்களாக வகுத்தார். எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றுதான்: கையில் பலம் இருப்பவரே வெளியே போகிறார்.

1983இல் இரண்டு நூல்கள் இந்தப் பார்வையை அசைத்தன. ஹார்வர்டின் லூயிஸ் வெல்ஸ் ஒன்றை எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய, பாட்னாவில் பிறந்த சஞ்சயா லால் மற்றொன்றைக் கொண்டுவந்தார். சிறிய சந்தைக்கு ஏற்பச் சுருக்கிய இயந்திரங்கள், ஆட்களை அதிகம் கொண்டு குறைந்த மூலதனத்தில் இயங்கும் ஆலைகள் ஆகியவையும் ஒருவகைப் பலமே என்று இருவரும் காட்டினார்கள். ஜான் மேத்யூஸ் 2002இல் இன்னொரு படி மேலே போனார். தைவானின் ஏசர், லட்சுமி மிட்டலின் இஸ்பாட், மெக்சிகோவின் செமெக்ஸ் போன்றவை பலத்தைச் சுமந்துகொண்டு வெளியே போகவில்லை, பலத்தைத் தேடிப் போயின என்பது அவர் வாதம். 2007இல் யாடோங் லுவோவும் ரோசலி டங்கும் வெளிநாட்டு முதலீட்டை உந்துபலகை என்றே அழைத்தார்கள்.

உண்மை நிகழ்வுகளை வரிசையாகப் பார்த்தால் இந்தப் பிற்காலக் கருத்தே வலுப்பெறுகிறது. அதையும் தாண்டிச் சொல்லலாம்: இந்நிறுவனங்களின் வெளிநாட்டுப் பயணத்தைப் புரிந்துகொள்ளப் போய்ச்சேர்ந்த நாட்டைவிடப் புறப்பட்ட நாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே அனுமதியோ மலிவான கடனோ பெயரோ நிலமோ ஏதோ ஒன்று கிடைக்கவில்லை.

இந்தியாவின் முதல் அலையில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 1950களின் முடிவில் பிர்லா குழுமம் எத்தியோப்பியாவில் நெசவாலை தொடங்கியதை இந்தியாவின் முதல் வெளிநாட்டுக் கூட்டு முயற்சியாகச் சொல்வது வழக்கம். ஆனால் கதை சூடுபிடித்தது 1969இல். அந்த ஆண்டுதான் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது. பெரிய குழுமம் ஒரு தறியைக் கூட்ட வேண்டுமென்றாலும் டெல்லியில் காத்திருக்க வேண்டிய நிலை உருவாயிற்று. அதே ஆண்டில் இளம் ஆதித்ய பிர்லா தாய்லாந்தில் இந்தோ-தாய் சிந்தெடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் இந்தோனேசியாவில் நூல், தாய்லாந்தில் ரேயான், மலேசியாவில் பாமாயில் சுத்திகரிப்பு என்று தென்கிழக்காசியா முழுவதும் ஆலைகள் எழுந்தன. 1976இல் லட்சுமி மிட்டல் இந்தோனேசியாவின் சுரபாயா அருகே சிறிய எஃகு ஆலையைத் தொடங்கினார். இந்தியாவில் எஃகு உற்பத்தி அப்போது பெரும்பாலும் அரசின் பிடியில் இருந்தது. உலகின் மிகப் பெரிய எஃகுக் குழுமம் ஒன்றின் விதை, சொந்த நாட்டில் ஊன்ற இடமில்லாமல் ஜாவாவில் ஊன்றப்பட்டது.

அந்நாளில் அரசு செலாவணியை வெளியே விடவும் விரும்பவில்லை. வெளிநாட்டுக் கூட்டு முயற்சியில் இந்தியப் பங்கைப் பணமாகத் தராமல் இந்திய இயந்திரங்களாகத் தர வேண்டும் என்பது அக்கால வழிகாட்டுதல். 1992க்குப் பிறகு கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. இன்று ஓர் இந்திய நிறுவனம் தன் நிகர மதிப்பின் நான்கு மடங்கு வரை வெளிநாட்டில் நிதிப் பொறுப்பு ஏற்கலாம். வெளிநாட்டில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் டெல்லியின் கையெழுத்தை எதிர்பார்த்த நாடு அரை நூற்றாண்டுக்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அனுமதித் தடை நீங்கிய பிறகும் பயணம் நிற்கவில்லை. ஏனென்றால் அடுத்த குறை வணிகப் பெயர்.

டாட்டா டீயின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியின் இரு முகங்களும் அதில் இருக்கின்றன. மூணாறு மலைகளில் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் தோட்டங்களைப் பெற்று வளர்ந்த நிறுவனம் அது. தேயிலையைப் பறித்து, அரைத்து, உலர்த்தி, ஏலத்தில் விற்பவருக்குக் கிடைக்கும் விலை ஏலச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. அதே தேயிலையைக் கலந்து, பையில் அடைத்து, தன் பெயரை அச்சிட்டு விற்பவர் தன் விலையைத் தானே வைக்கிறார். 1953இல் பிரிட்டனுக்குத் தேயிலைப் பையை அறிமுகப்படுத்திய டெட்லி அப்படியொரு பெயர். 1995இல் டாட்டா டீ அதை வாங்க முயன்று தோற்றது. 2000இல் 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியவரைவிட வாங்கப்பட்டது பெரியது. விலையின் பெரும்பகுதி கடன். அந்தக் கடனை டெட்லியின் சொந்த வருமானத்திலிருந்தே அடைக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஓர் இந்திய நிறுவனம் இப்படிச் செய்யும் என்று அதுவரை எவரும் எண்ணியதில்லை.

மறுபக்கம் மூணாறில் இருக்கிறது. பெயரை வாங்கிய ஐந்தாம் ஆண்டில், 2005இல், நிறுவனம் அந்தத் தோட்டங்களைக் கைமாற்றியது. தொழிலாளர்களும் ஊழியர்களும் பெரும்பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் அவற்றை ஏற்றது. அங்கே கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர், தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். காகிதத்தில் அவர்கள் பங்குதாரர்கள். ஆனால் தேயிலைத் தொழிலின் லாபம் இருக்கும் இடமோ மலையை விட்டு இறங்கி ஏற்கெனவே கடல் கடந்திருந்தது. தோட்டத்தை விட்டுப் பெயரைப் பிடித்தது வணிகக் கணக்கில் சரியான முடிவு. அந்தச் சரியான முடிவு யாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பன்னாட்டுமயமாதல் பற்றிய ஆய்வுகளில் கொழுந்துக் கூடைக்கு இடமே இருப்பதில்லை.

சீன நிறுவனங்களின் குறையும் இதுவே. சிங்டாவ் நகரில் நொடிந்துகொண்டிருந்த குளிர்பெட்டித் தொழிற்சாலையை 1984இல் ஏற்ற ஜாங் ருயிமின், மறு ஆண்டு 76 பழுதான பெட்டிகளைத் தொழிலாளர்கள் கையாலேயே சம்மட்டியால் உடைக்கவைத்தார். அந்தத் தொழிற்சாலைதான் ஹையர். மலிவான நாட்டில் செய்து விலை உயர்ந்த நாட்டில் விற்பது எளிய வழியாக இருந்தும், ஹையர் 1990களின் முடிவில் அமெரிக்காவின் தென் கரோலைனாவிலேயே ஆலை கட்டியது. கூலி பல மடங்கு அதிகமான இடத்தில் ஏன்? மிகக் கடினமான வாடிக்கையாளரிடம் தேர்ச்சி பெற்றால் மற்ற சந்தைகள் எளிதாகும் என்று ஜாங் நம்பினார். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் பொருட்படுத்தாத, மாணவர் விடுதி அறைக்கான சிறிய குளிர்பெட்டிகளில் தொடங்கி, 2016இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வீட்டுச் சாதனப் பிரிவையே சுமார் 540 கோடி டாலருக்கு ஹையர் வாங்கியது. லெனோவோவுக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. 2005இல் ஐ.பி.எம்.மின் தனிக்கணினிப் பிரிவைக் கடன் பொறுப்புகளோடு சேர்த்து 175 கோடி டாலர் அளவில் வாங்கி, திங்க்பேட் என்ற பெயரையும் அதை உருவாக்கிய பொறியாளர்களையும் ஒரே நாளில் பெற்றது.

தமிழ்நாட்டிலிருந்தும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1898இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய நார்ட்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனம் திவாலானபோது, 2020 ஏப்ரலில் டி.வி.எஸ். மோட்டார் அதை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஓசூரில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வண்டி செய்யும் நிறுவனத்துக்கு உற்பத்தித் திறனில் குறையில்லை. நூறு ஆண்டு வரலாற்றை மட்டும் எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது.

பெயருக்கும் அனுமதிக்கும் அடுத்தது கடனின் விலை. மற்ற காரணங்களைவிட இதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆனால் மெக்சிகோவின் செமெக்ஸை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. சிமென்ட் கனமானது, விலை குறைந்தது, தொலைதூரம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. இப்படிப்பட்ட பொருளை விற்கும் நிறுவனம் உலகம் சுற்றுவதே வியப்பு. 1990இல் அமெரிக்கா மெக்சிகோ சிமென்ட் மீது சுமார் 58 சதவீதப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஹோல்டர்பாங்க் மெக்சிகோவிலேயே கால் ஊன்றிக்கொண்டிருந்தது. லோரென்சோ சம்பிரானோ தலைமையிலான செமெக்ஸ் 1992இல் ஸ்பெயினுக்குப் போய் வாலென்சியானா, சான்சன் என்ற இரு சிமென்ட் நிறுவனங்களைச் சுமார் 180 கோடி டாலருக்கு வாங்கியது. மெக்சிகோ நிறுவனம் கடன் கேட்டால் வங்கிகள் அந்த நாட்டின் பணவீக்கத்தையும் 1982இன் கடன் நெருக்கடியையும் நினைத்து வட்டியை ஏற்றின. ஸ்பெயின் நிறுவனம் கேட்டபோது ஐரோப்பிய வட்டியில் கொடுத்தன. சிமென்ட் அதேதான், நிர்வாகமும் அதேதான். முகவரி மாறியதும் வட்டி குறைந்தது. 1994 டிசம்பரில் பெசோ சரிந்தபோது ஸ்பெயினிலிருந்து வந்த வருமானம் நிறுவனத்தைத் தாங்கியது. இருப்பவருக்கே கடன் என்ற நம் ஊர் வழக்கம் உலக நிதிச் சந்தையிலும் செல்லுபடியாகிறது.

இதே காரணத்துக்காகத்தான் தென்னாப்பிரிக்காவின் மதுபான நிறுவனமான எஸ்.ஏ.பி. 1999இல் தன் முதன்மைப் பங்குப் பதிவை லண்டனுக்கு மாற்றியது. மூன்றே ஆண்டில் அமெரிக்காவின் மில்லரை வாங்கும் பலம் அதற்கு வந்தது.

இதுவரை சொன்னவை செல்வந்த நாடுகளை நோக்கிய பயணங்கள். பக்கத்து ஏழை நாட்டை நோக்கிய பயணத்தின் தர்க்கம் வேறு. அங்கே வீட்டின் குறையே பயிற்சியாகிவிடுகிறது. மின்வெட்டு, மோசமான சாலை, கையில் சில்லறைக் காசோடு வரும் வாடிக்கையாளர், நொடிக்கு நொடி மாறும் அரசு விதி ஆகியவற்றோடு வாழ்ந்து பழகிய நிறுவனத்துக்கு அதே நிலைமை உள்ள இன்னொரு நாடு அந்நியமாகத் தெரிவதில்லை. தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என். 2001இல் நைஜீரியாவின் செல்பேசி உரிமத்துக்கு 28.5 கோடி டாலர் கொடுத்தது. பத்துக் கோடிக்கும் மேல் மக்கள் வாழ்ந்த அந்த நாட்டில் அப்போது சில லட்சம் தொலைபேசி இணைப்புகளே இருந்தன. ஐரோப்பிய நிறுவனங்கள் ஆபத்தைப் பார்த்த இடத்தில் எம்.டி.என். காத்துக்கிடக்கும் வரிசையைப் பார்த்தது. ஆபத்தும் பொய்யில்லை: பதிவு செய்யப்படாத சிம் அட்டைகளுக்காக 2015இல் நைஜீரிய அரசு 520 கோடி டாலர் அபராதம் விதித்தது, பேச்சுவார்த்தைக்குப் பின் அது 33,000 கோடி நைராவாகக் குறைந்தது.

ஷென்ஜெனின் டிரான்ஷன் நிறுவனம் இவ்வகையில் மிக நேர்த்தியான பாடம். 2006இல் தொடங்கிய இது சீனாவில் பெரிய நிறுவனங்களோடு மோதாமல் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே ஒருவரே இரண்டு மூன்று சிம் அட்டை வைத்திருப்பதைக் கண்டு பல சிம் போடும் கருவிகளைச் செய்தது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களுக்கு நாள் கணக்கில் தாங்கும் மின்கலம் வைத்தது. அம்ஹாரிக் மொழிக்கு விசைப்பலகை கொடுத்தது. கருந்தோல் முகங்கள் தெளிவாக விழும்படி கேமராவைத் திருத்தியது. டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் என்ற அதன் பெயர்கள் ஆப்பிரிக்கச் சந்தையின் உச்சிக்கு வந்தன. மேற்கத்திய, கொரிய நிறுவனங்களிடம் இவற்றைச் செய்யும் பொறியாளர்கள் இல்லாமலில்லை; அந்த வாடிக்கையாளரை உட்கார்ந்து கவனிக்கும் அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

பார்தி ஏர்டெல் இதே நம்பிக்கையோடு 2010இல் குவைத்தின் ஜெயின் நிறுவனத்திடமிருந்து 15 ஆப்பிரிக்க நாடுகளின் செல்பேசித் தொழிலைச் சுமார் 1,070 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. இந்தியாவில் கட்டணத்தைக் குறைத்து, பேச்சு நிமிடங்களைப் பெருக்கி லாபம் கண்ட முறை அங்கேயும் பலிக்கும் என்று எதிர்பார்த்தது. பல ஆண்டுகள் பலிக்கவில்லை. இந்தியா ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே ஒழுங்குமுறை ஆணையம். அங்கே பத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள், 15 ஆணையங்கள். மின்சாரம் எட்டாத இடங்களில் கோபுரங்கள் டீசலில் ஓடின. கடன் டாலரில், வருமானம் சரிந்துகொண்டிருந்த உள்ளூர் நாணயங்களில். புர்கினா ஃபாசோவையும் சியரா லியோனையும் விற்று வெளியேறிய பிறகு, செல்பேசிவழிப் பணப் பரிமாற்றம் வளர்ந்ததும் நிலைமை திரும்பியது. 2019இல் ஏர்டெல் ஆப்பிரிக்கா லண்டன் பங்குச்சந்தையில் பதிவாயிற்று. இன்று அதன் வாடிக்கையாளர்கள் 15 கோடிக்கும் மேல். ஒரே மாதிரி ஏழ்மை என்றாலும் ஒவ்வொரு நாட்டின் ஏழ்மையும் தனித்தனி என்பதை அறியப் பத்தாண்டும் பெரும் கடனும் பிடித்தன.

புலம்பெயர்ந்தவர்களைத் தொடர்ந்து செல்லும் நிறுவனங்களும் உண்டு. பிலிப்பைன்ஸின் ஜாலிபீ உணவகம் 1998இல் அமெரிக்காவில் முதல் கடையைத் திறந்தது சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில். பிலிப்பினோக்கள் அடர்ந்து வாழும் ஊர். மெக்சிகோவின் பிம்போ ரொட்டியும் முதலில் மெக்சிகோ மக்கள் வாழும் டெக்சஸ், கலிஃபோர்னியா பக்கமே போனது. துபாயிலும் சிங்கப்பூரிலும் நம் இட்லி, தோசைக் கடைகள் பெருகியதும் இதே வழியில்தான்.

மூலப்பொருள் தேடிப் போவது பழைய காரணம், விளக்கம் அதிகம் தேவையில்லை. ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2001இல் ரஷ்யாவின் சக்காலின்-1 எண்ணெய் வயலில் 20 சதவீதம் வாங்கியது. பிரேசிலின் வாலே 2006இல் கனடாவின் நிக்கல் நிறுவனமான இன்கோவை வாங்கியது. இலங்கையின் ஹேகார்ப், சிரட்டைக் கரியிலிருந்து வடிகட்டிக் கரி செய்கிறது. சிரட்டை இருக்கும் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் அது ஆலை வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

இங்கே அரசின் கையையும் பார்க்க வேண்டும். சீனா 2001இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தில் ‘வெளியே போ’ என்பதையே கொள்கையாக்கியது. பிரேசிலின் அரசு வளர்ச்சி வங்கி கொடுத்த ஆதரவோடுதான் ஜே.பி.எஸ். 2007இல் அமெரிக்காவின் ஸ்விஃப்ட் இறைச்சி நிறுவனத்தை வாங்கி உலகின் முதன்மை இறைச்சி நிறுவனமாக வளர்ந்தது. ஆனால் அரசின் ஆதரவே சுமையாகவும் மாறும். 2005இல் சீன அரசின் சினூக் நிறுவனம் அமெரிக்காவின் யூனோகால் எண்ணெய் நிறுவனத்துக்கு 1,850 கோடி டாலர் தர முன்வந்தபோது வாஷிங்டனில் எழுந்த எதிர்ப்பைத் தாங்க முடியாமல் பின்வாங்கியது. அதைவிடக் குறைந்த விலை சொன்ன செவ்ரான் வாங்கிக்கொண்டது. 2016இல் சீனாவின் வெளிநாட்டு முதலீடு 19,600 கோடி டாலரைத் தொட்டபோது பெய்ஜிங்குக்கே கலக்கம் வந்து கட்டுப்பாடுகள் இறுகின. தொழில் வளர்ச்சி என்ற பெயரில் சேமிப்பு நாட்டைவிட்டு வெளியேறுகிறதோ என்ற சந்தேகம் அதற்குக் காரணம். அந்தச் சந்தேகம் வீணானதில்லை. மொரிஷியஸ், ஹாங்காங், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் வழியாகச் சுற்றிச் சொந்த நாட்டுக்கே ‘அந்நிய முதலீடாக’த் திரும்பும் பணம் எல்லாப் புள்ளிவிவரங்களையும் கலங்கடிக்கிறது. வரிச் சலுகையே அங்கே நோக்கம். அதைப் பன்னாட்டு விரிவாக்கம் என்று எண்ணிக்கையில் சேர்ப்பது தவறு.

எல்லாப் பயணமும் வெற்றியில் முடியவில்லை. கோரஸ் வாங்கியதன் பின்னணியிலும் வீட்டின் குறை ஒன்று இருந்தது: இந்தியாவில் புதிய எஃகு ஆலை கட்ட நிலம் கிடைப்பது பெரும்பாடு. ஒடிசாவின் கலிங்கநகரில் டாட்டா ஆலைக்கான நிலத்தில் 2006 ஜனவரியில் எதிர்ப்பு வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் இறந்தார்கள். அந்த ஆலை இயங்கத் தொடங்க 2015க்கு மேல் ஆயிற்று. கட்ட முடியாததை வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் இயல்பாகவே எழுந்தது. ஆனால் கோரஸிடம் சொந்த இரும்புத்தாது இல்லை. இந்தியாவிலிருந்து மலிவான எஃகுப் பாளங்களை அனுப்பி ஐரோப்பாவில் முடித்து விற்கலாம் என்ற திட்டம் கலிங்கநகர் தாமதத்தோடு தாமதமானது. 2008இன் நெருக்கடி ஐரோப்பிய எஃகுத் தேவையை உடைத்தது. 2013இல் டாட்டா ஸ்டீல் 160 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து அழித்தது. 2024 செப்டம்பர் 30இல் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை அணைந்தது. சுமார் 2,800 வேலைகள் போகும் என்று அப்போது கணக்கிடப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் 50 கோடி பவுண்டு உதவியோடு 125 கோடி பவுண்டில் மின்வில் உலை வருகிறது.

சுஸ்லானின் கதை இன்னும் கூர்மையானது. துல்சி தாந்தியின் அந்தக் காற்றாலை நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ரீபவரிடம் அது இருந்தது. பிரான்சின் அரேவாவோடு போட்டியிட்டு 2007இல் ரீபவரை சுஸ்லான் பிடித்தது. ஆனால் ஜெர்மன் சட்டம் சிறுபங்குதாரர்களைக் காக்கிறது: பெரும்பங்கு வைத்திருப்பதாலேயே தாய் நிறுவனம் மகள் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்ள முடியாது. முழுப் பங்கும் கைக்கு வர 2011 ஆகிவிட்டது. அதற்குள் கடன் கழுத்தை நெரித்தது. 2012இல் சுமார் 20.9 கோடி டாலர் வெளிநாட்டுப் பத்திரக் கடனைத் திருப்ப முடியாமல் தவறியது. 2015இல் ரீபவரை, சென்வியான் என்று பெயர் மாறிய நிலையில், விற்றுவிட்டது. டாக்டர் ரெட்டீஸ் 2006இல் 48 கோடி யூரோவுக்கு வாங்கிய ஜெர்மனியின் பீட்டாஃபார்ம், அந்நாட்டுக் காப்பீட்டு அமைப்புகள் மருந்துகளை டெண்டர் மூலம் வாங்கத் தொடங்கியதும் மதிப்பிழந்தது. செமெக்ஸும் தப்பவில்லை: 2007இல் ஆஸ்திரேலியாவின் ரிங்கரை 1,400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோதே அதன் முக்கியச் சந்தையான அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் சரியத் தொடங்கியிருந்தது. 2009இல் வங்கிகளிடம் சுமார் 1,500 கோடி டாலர் கடனுக்குத் தவணை கேட்டு நின்றது.

இந்தத் தோல்விகளில் பொதுவாக இருப்பது இரண்டு: உச்ச விலையில் வாங்கியது, வாங்கியதன் உள்ளே இருக்கும் சட்டத்தையும் சந்தையையும் கடனுக்குக் கையெழுத்திடும் முன் படிக்காதது. சீனக் கார் நிறுவனமான கீலியின் வழி வேறாக இருந்தது. ஃபோர்டு 1999இல் சுமார் 645 கோடி டாலர் கொடுத்த வோல்வோவை, ஃபோர்டு விற்றே தீர வேண்டிய 2010இல், கீலியின் தலைவர் லீ ஷூஃபூ 180 கோடிக்கும் குறைவாக வாங்கினார். வோல்வோவைக் கோதன்பர்க்கிலேயே, அதன் பொறியாளர்கள் கையிலேயே விட்டார். இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய கார் அடித்தளம் பின்னர் கீலியின் சொந்த வண்டிகளுக்கும் பயன்பட்டது. அவசரமில்லாதவருக்குத்தான் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கிறது என்பது இவ்விரு தரப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

சொந்த நாட்டுக்கு இதனால் லாபமா நட்டமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. இலங்கையின் பிராண்டிக்ஸ் ஆந்திரத்தின் அச்சுதாபுரத்தில் ஆடைத் தொழில் நகரம் அமைத்தது, தீவில் தையல் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவந்த காலத்தில். கொழும்பில் வடிவமைப்பும் வாடிக்கையாளர் உறவும் தங்கின, தையல் கடல் தாண்டியது. அது நாட்டுக்கு இழப்பு என்று சொல்ல முடியாது. உள்ளூரில் இளைஞர்கள் வேலைக்கு வரிசையில் நிற்கும் நாட்டிலிருந்து தொழில் போகும்போது அதே வாதம் எடுபடாது. நிறுவனத்தின் நலமும் நாட்டின் நலமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும் பேச்சு, அதுவும் ஒவ்வொரு கையகப்படுத்தலையும் தேசிய வெற்றியாகக் கொண்டாடிய 2007ஆம் ஆண்டுப் பேச்சு, பங்குதாரரின் மகிழ்ச்சியைக் குடிமகனின் மகிழ்ச்சியாக்கிவிட்டது.

இப்போதைய அலையைத் தூண்டுவது இறக்குமதித் தீர்வை. சீனச் சூரியத் தகடுகள் மீது அமெரிக்கா 2012இல் வரி போட்டதும் ஆலைகள் மலேசியா, வியட்நாம், தாய்லாந்து என்று நகர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் சீன மின்கார்கள் மீது, ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல், கூடுதல் தீர்வை விதித்தது, சீன மின்கார் நிறுவனமான பி.ஒய்.டி.க்கு அது 17 சதவீதம். பி.ஒய்.டி. ஹங்கேரியின் செகெட் நகரில் ஆலை கட்டத் தொடங்கியது, தாய்லாந்தின் ராயோங்கில் 2024இல் திறந்தது, பிரேசிலில் ஃபோர்டு விட்டுச்சென்ற கமாசாரி ஆலையை எடுத்தது. கமாசாரியில் கட்டுமான ஒப்பந்ததாரர் கொண்டுவந்த 163 சீனத் தொழிலாளர்கள் அடிமை நிலைக்கு ஒப்பான சூழலில் இருந்ததாகக் கூறி 2024 டிசம்பரில் பிரேசில் அதிகாரிகள் அவர்களை மீட்டார்கள். வளரும் நாட்டு நிறுவனம் என்பதால் அது தொழிலாளரை நன்றாக நடத்தும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

இந்த நிறுவனங்கள் இன்று சந்திக்கும் வாயிற்காவலர்களும் பெரும்பாலும் வளரும் நாட்டு அரசுகளே. துருக்கி 2024இல் சீனக் கார்களுக்கு 40 சதவீதத் தீர்வை போட்டு, ஆலை கட்டுவோருக்கு விலக்கு அளித்தது. இந்தியா 2020 ஏப்ரலில், தன்னோடு நில எல்லை கொண்ட நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது, பி.ஒய்.டி. ஹைதராபாத் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 100 கோடி டாலரில் ஆலை கட்ட வைத்த கோரிக்கையை 2023இல் ஏற்கவில்லை. உள்ளூர்க் கூட்டாளி, உள்ளூர்ப் பங்கு, தொழில்நுட்பத்தைக் கற்றுத்தருதல் ஆகியவை இப்போது முன்வைக்கப்படும் நிபந்தனைகள். 1984இல் ஷாங்காய்க்கு வந்த ஃபோக்ஸ்வேகனிடம் சீனா கேட்டதும் இதைத்தான். சொந்தப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொல்லி 1970களில் ஐ.பி.எம்.மிடமும் கொக்கோகோலாவிடமும் இந்தியா கேட்டதும் இதே வகையைச் சேர்ந்தது. அவ்விரண்டும் மறுத்து வெளியேறின. சீனா கார் தொழிலில் அந்த நிபந்தனையை 2022இல் முற்றாக நீக்கியபோது, சீன நிறுவனங்கள் அதே நிபந்தனையை மற்ற நாடுகளில் எதிர்கொள்ளத் தொடங்கியிருந்தன.